இலைவில்லும் இழுவைத் தண்டும்

தமிழாசிரியரின் பக்கத்தில் இரும்புக்கும் எண்ணெய்க் கறைக்கும் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் பேராக்கில் என் அண்ணனின் டுரியான் தோட்டத்தில் கழிந்தது. அங்கே இருவரும் சேர்ந்து செய்த வேலையைப் பற்றியதே இக்கட்டுரை.

அண்ணனிடம் 1982ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்று உள்ளது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வகை. அதன் பின்பக்க அச்சைத் தாங்குவது அடுக்கடுக்கான எஃகுப் பட்டைகள். பட்டறைக்காரர்கள் லீஃப் ஸ்பிரிங் என்பார்கள். நமக்கு இலைவில் என்ற அழகான சொல் இருக்கிறது. வளைந்தும் நிமிர்ந்தும் வேலை செய்வதால் வில் என்பது மிகப் பொருத்தம்.

சிக்கலும் அந்த வளைவில்தான். இயந்திரம் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, அச்சுக்கூடு எதிர்த்திசையில் திரும்ப முயல்கிறது. கூட்டின் மூக்கு மேலெழுகிறது. வில்லின் முன்பாதி எழும்பிப் பின்பாதி அமிழ்ந்து, முழு வில்லும் நெளிந்துவிடுகிறது. சக்கரம் சற்று வழுக்கினால் அந்த நெளிவு சட்டென விடுபடும். மறுபடி பிடிமானம் கிடைத்தால் மறுபடி நெளியும். வண்டி தவளையைப்போல் துள்ளுவது இதனால்தான். அண்ணனின் வண்டியில் முந்தைய உரிமையாளர் உயரத்தைக் கூட்ட, அச்சுக்கும் வில்லுக்கும் இடையே இரும்புக் கட்டைகளைச் செருகியிருந்தார். அவை நெம்புகோலாகி நெளிவைப் பெருக்கின. தாழ்நிலைக் கியரோ முறுக்குவிசையை இரு மடங்குக்கு மேல் ஆக்கிவிடும்.

சென்ற மழைக்காலத்தில் பழக்கூடைகளோடு செம்மண் மேட்டில் ஏறும்போது புரோபெல்லர் ஷாஃப்டின் மூட்டு உடைந்துவிட்டது. அறுந்த தண்டு சுழன்று வண்டியின் அடித்தளத்தை அறைந்திருக்கிறது. அருகில் இருந்தவன் பன்னிரண்டு வயது அண்ணன் மகன். கைப்பிரேக் பிடித்ததால் வண்டி பின்னோக்கி உருளவில்லை. அண்ணி அன்றிலிருந்து பிள்ளையை அந்த வண்டியில் ஏற்ற மறுத்துவிட்டார். "வித்துவிடுங்கள், இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்" என்பது அவர் தீர்ப்பு. அண்ணனுக்கு மனம் வரவில்லை.

ஆகவே டிராக்‌ஷன் பார் ஒன்றை நாங்களே செய்யத் துணிந்தோம். இழுவைத் தண்டு என்று நான் பெயரிட்டேன், அண்ணன் சிரித்தார். முதலில் அந்த இரும்புக் கட்டைகளை எடுத்தெறிந்தோம். பிறகு ஒன்றரை அங்குல விட்டமுள்ள கனமான எஃகுக் குழாய்கள் இரண்டை முன்முனையில் கூடும் நீண்ட முக்கோணமாக வெட்டி ஒட்டினோம். அதன் பின்முனை அச்சுக்கூட்டின் மேலும் கீழும் இரண்டு போல்ட்டுகளால் பிணைக்கப்படும். ஒரே போல்ட் என்றால் கூடு அதைச் சுற்றித் திரும்பிவிடும். தண்டு வைத்தும் பயனில்லை.

முன்முனைதான் நுட்பமானது. அதைச் சேசிஸில் அசையாமல் பற்றவைத்துவிடக் கூடாது. வில் அழுந்தும்போது நீளும். அச்சும் முன்பின்னாக நகரும். தண்டு அதற்கு இடம் தராவிட்டால் வில்லோ பிணைப்போ முறியும். எனவே ஊசலாடும் ஷாக்கிள் ஒன்றின் வழியாகச் சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் இணைத்தோம். அது முன்பின் அசைவை விடும், மேல்கீழ் அசைவைத் தடுக்கும். முனைகளில் ரப்பர் புஷ் வைத்தோம். மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறி மறுசக்கரம் இறங்கும்போது தண்டு சற்றுத் திருகிக்கொடுக்க வேண்டுமே!

பற்றவைப்பை அண்ணனின் நண்பர் ஒருவர் செய்தார், தொழில்முறை வெல்டர். பேட்டரி இணைப்பைக் கழற்றியபின்பே தொடங்கினார். அச்சுக்குழாய் ஒரே இடத்தில் சூடேறினால் கோணிவிடும் என்பதால் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம், நடுவில் ஓய்வு. நான் பொறுமையிழந்தேன், அவர் பொருட்படுத்தவில்லை. புஷ் போல்ட்டுகளை வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே முழுவதும் முறுக்கினார். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியே இருந்து விரைவில் கிழியுமாம்.

சோதனைக்கு அண்ணன் மகனின் கைப்பேசியை வண்டிக்கடியில் கட்டிப் படமெடுத்தோம். முன்னர் எடுத்த படத்தில் அச்சின் மூக்கு குதிரைத் தலைபோல் துள்ளியது. இப்போது அதே மேட்டில், அதே கியரில், அது அசைந்ததாகவே தெரியவில்லை. சக்கரங்கள் சேற்றை அமைதியாகக் கடைந்து மேலேறின.

நம் நாட்டில் வாகன அமைப்பை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்திற்கான வரைபடத்தை நான்தான் வரைந்து கொடுத்தேன். அனுமதி வரும்வரை வண்டி தோட்ட வேலிக்குள்தான் ஓடும். அண்ணி காணொளியை இரண்டு முறை பார்த்தார். "கூடைகள் போகட்டும், பிள்ளை நடந்தே வரட்டும்" என்றார்.