கிரீமுக்கு முன்னால் எலும்பு

ஓட்டலில் கிரீம் சிக்கன் சூப் கேட்டால் பெரும்பாலும் வெள்ளையாக, கெட்டியாக, ஸ்பூனை விட்டு இறங்க மனமில்லாத ஒன்று வந்து சேரும். இரண்டு வாய் குடித்ததும் நாக்கில் மாவு தட்டும். கோழியைத் தேடத்தான் வேண்டும். மாவும் பாலும் கெட்டித்தன்மையைத் தந்துவிடும். ஆனால் உதட்டில் லேசாக ஒட்டி, தொண்டையில் வழுக்கி இறங்கும் அந்த வழவழப்பு எலும்பிலிருந்து வர வேண்டும். வருஷக்கணக்காக இந்த சூப்பை வீட்டில் வைத்து வருவதால் ஒரு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு: கிரீம் ஊற்றுவதற்கு முன்பே அது குடிக்கத் தகுந்த சூப்பாக இருக்க வேண்டும்.

ஆகவே வேலை கறிக்கடையில் தொடங்குகிறது. நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே தோலை உரித்துவிடுவார்கள். "அண்ணே, தோலோட வேணும். கழுத்தும் காலும் சேர்த்துப் போடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கால்தான் முக்கியம். அதில் கறி கிடையாது. தோலும் நரம்பும் குருத்தெலும்பும்தான். அவ்வளவும் கொலாஜன். சூடான நீரில் மெதுவாக வேகும்போது அது கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. கடையில் வாங்கும் பிராய்லர் பெரும்பாலும் ஐந்தாறு வாரக் குஞ்சு. கறி மிருதுவாக இருக்கும், சாற்றில் ருசி குறைவு. நாட்டுக்கோழி கிடைத்தால் ருசி தூக்கலாக வரும், நேரம்தான் கூடுதலாகப் பிடிக்கும். பிராய்லரே வாங்கினாலும் ஆறு கால் சேர்த்துவிட்டால் சாறு கனத்துவிடும். கால்களைக் கொதிநீரில் கொஞ்ச நேரம் போட்டெடுத்து, மஞ்சள் தோலை உரித்து, நகத்தை வெட்டி, மஞ்சள்தூள் போட்டுக் கழுவினால் வாடை இருக்காது.

நான்கு பேருக்கு அரைக் கிலோ தொடைக்கறி, கழுத்து, கால், ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீர். தொடையிலிருந்து கறியைத் தனியாக வழித்து எடுத்துவிட்டு, முதலில் எலும்பும் தோலும் காலும் மட்டும் அடுப்பேறும். குளிர்ந்த நீரில் ஆரம்பித்து மெல்லச் சூடேற்றினால் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும். அதை வழித்தெடுத்த பிறகே வெங்காயம், பூண்டு, நசுக்கிய இஞ்சி, ஒரு கேரட், கொத்தமல்லித் தண்டு. தண்ணீர் ஓரத்தில் மட்டும் குமிழி விட வேண்டும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு சிதறிச் சாற்றோடு கலந்து கலங்கலாகிவிடும். இரண்டு மணி நேரம் அப்படியே கிடக்கலாம். குக்கரில் என்றால் முதல் விசிலோடு தீயைச் சிம்மில் வைத்து நாற்பது நிமிடம். விசில் மேல் விசில் விட்டால், ஒவ்வொரு முறை ஆவி பீறிடும்போதும் உள்ளே தண்ணீர் பொங்கிக் கொந்தளிக்கும், தெளிவு போய்விடும்.

வடிகட்டிய சாறு ஏறக்குறைய ஒரு லிட்டர் இருக்கும். வழித்து வைத்த கறியை இந்தச் சாற்றிலேயே இளம் கொதியில் இருபது நிமிடம் வேகவைத்து எடுத்துப் பிய்த்து வைக்கலாம். எலும்போடு சேர்த்து இரண்டு மணி நேரம் போட்டால் கறி சக்கையாகிவிடும். சாற்றில் ஒரு கரண்டி எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தால் அல்வா மாதிரி ஆட வேண்டும். ஆடினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இனி மாவு. சாற்றின் மேல் மிதக்கும் கோழிக்கொழுப்பை வழித்து எடுத்துக்கொண்டு, போதாததற்கு வெண்ணெய் சேர்த்து நாற்பது கிராம் கணக்குக்குக் கொண்டுவருகிறேன். அதே எடைக்கு மைதா. சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம், பச்சை வாசனை போகும் வரை, நிறம் மாறாமல் வறுக்க வேண்டும். சிவந்துவிட்டால் வாசனை கூடும், ஆனால் கெட்டியாக்கும் சக்தி குறையும். கொழுப்பு ஒவ்வொரு மாவுத் துகளையும் பூசிப் பிரித்து வைப்பதால், சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறும்போது கட்டி தட்டாது. பிறகு பத்து நிமிடம் கொதித்தால்தான் நாக்கில் மாவு தெரியாது.

மைதா வேண்டாதவர்களுக்கு நம் சமையலறையிலேயே வழி இருக்கிறது. சோறு வடிக்கும் வீட்டில் வடிகஞ்சி. குக்கர் சோறு என்றால் ஒரு பிடி சாதத்தைச் சாறு விட்டு மைய அரைத்துக்கொள்ளலாம். மாவுச்சத்து ஏற்கெனவே வெந்திருப்பதால் பச்சை வாசனை என்ற பேச்சே இல்லை. நிறம் பளிச்சென்று இராது. ஆனால் கோழியின் ருசி மைதாவை விட இதில்தான் முன்னே நிற்கிறது.

பால் சேர்க்கும் இடத்தில்தான் பலருக்குப் பயம், திரிந்துவிடுமோ என்று. திரிவது பாலின் புரதம். புளிப்பும் அதிகச் சூடும் சேர்ந்தால் அது திரண்டுகொள்ளும். சூப்பில் மாவுச்சத்து இருந்தால் புரதம் அவ்வளவு சுலபமாகத் திரளாது. கொழுப்பு கூடிய பாலும் தாங்கும். நான் ஆவின் ஆரஞ்சு பாக்கெட்தான் வாங்குவது, ஆறு சதவீதக் கொழுப்பு. இருநூறு மில்லி பால், நூறு மில்லி ஃபிரெஷ் கிரீம். இரண்டையும் ஒரு கிண்ணத்தில் கலந்து, சூடான சூப்பை இரண்டு கரண்டி அதில் விட்டுக் கலக்கி, சூட்டுக்குப் பழக்கிய பிறகே பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். பிறகு கொதிக்க விடக் கூடாது. இஞ்சி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: பச்சை இஞ்சிச்சாற்றில் பாலைத் திரியவைக்கும் நொதி ஒன்று உண்டு. சீனாவின் குவாங்டாங் பகுதியில் இதைக் கொண்டே சூடான பாலை உறையவைத்து இனிப்பு செய்கிறார்கள். கொதித்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆகவே இஞ்சி எலும்போடு வேகட்டும். வாசனைக்காகக் கடைசியில் துருவிப் போட வேண்டாம். உப்பு, சாறு சுண்டி முடிந்த பிறகு. மிளகை ஒன்றிரண்டாகத் தட்டிக் கிண்ணத்தில் தூவுகிறேன். வெள்ளை நிறத்தில் கறுப்புப் புள்ளி தெரியக் கூடாது என்றுதான் ஓட்டல்காரர்கள் வெள்ளை மிளகு போடுகிறார்கள். வீட்டில் யாருக்கு வேண்டும் அந்த அலங்காரம்?

பாலே இல்லாமலும் இந்த வழவழப்பு வரும். ஜப்பானில் டோரி பைடான் என்ற ராமென் நூடுல்ஸ் சாறு, பால் கலந்ததைப் போல வெளுத்திருக்கும்; உள்ளே கோழி எலும்பும் தண்ணீரும்தான். நான் வேண்டாம் என்ற அதே தளதளக் கொதியை அவர்கள் வேண்டுமென்றே மணிக்கணக்கில் வைக்கிறார்கள். சிதறும் கொழுப்பை ஜெலட்டின் பிடித்து நிறுத்துகிறது. கிரேக்கர்கள் அவ்கோலேமோனோ சூப்பில் முட்டையையும் எலுமிச்சையையும் அடித்து ஊற்றுகிறார்கள். பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து வாட்டர்சோய் சூப்பில் மஞ்சள் கருவும் கிரீமும் சேர்கின்றன. கெட்டியாக்கும் பொருள்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. அடியில் இருப்பது எங்கும் நல்ல கோழிச்சாறு.

சளிக்கு சூப் நல்லதா என்பதை ஆய்வகத்திலும் பார்த்திருக்கிறார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ரெனார்டும் அவர் குழுவினரும் 2000இல் 'செஸ்ட்' மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், கோழி சூப் வெள்ளை அணுக்களில் ஒரு வகையின் நகர்வை மட்டுப்படுத்தியது. அது சோதனைக் குழாயில் கண்டது. மருந்துக்கு மாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் சோதித்ததும் காய்கறி போட்ட சூப்தான், கிரீம் சூப் அல்ல.

எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சலென்றால், மாவு சேர்ப்பதற்கு முன் ஒரு டம்ளர் சாற்றை எடுத்து, உப்பும் மிளகும் மட்டும் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அதுவே பங்கு. மீதிதான் கிரீம் சூப்பாகிறது. அந்த டம்ளரைக் குடித்தவர் இன்னொன்று கேட்டால், அன்றைக்குக் கிரீமைத் தயங்காமல் ஊற்றலாம். கேட்காவிட்டால் எலும்பு இன்னும் அரை மணி நேரம் வேகட்டும்.