மூச்சு முட்டிய புல்லட்

1980-இல் டி.வி.எஸ். 50 பிறந்த ஓசூரில் இருந்துகொண்டு பழைய புல்லட் எதற்கு என்று கேட்காதீர்கள். அது என் மாமனார் விட்டுப் போன சொத்து!

போன ஐப்பசியில் அதில் ஏறித்தான் கிருஷ்ணகிரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். இறங்கிப் பார்த்தால், என் பட்டுப் புடவை ஓரமெல்லாம் ஆயில்! புடவை கிடக்கட்டும், பின்சக்கர டயரிலும் ஆயில் மினுமினுத்தது. சூளகிரி வரை மழை வேறு. அந்த ஈரத்தில் சறுக்கியிருந்தால்? எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"எஞ்சினைப் பிரிக்கணும்" என்றார் ஒரு மெக்கானிக். இன்னொரு பெரியவர் ஸீட்டைக் கழற்றி, மடங்கிக் கிடந்த ஒரு ரப்பர்க் குழாயை உருவிக் காட்டினார். முன்பு ஸீட்டை மாட்டியவர் அதை நசுக்கிவிட்டிருந்தார்.

பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் அடியிலுள்ள காற்றை நெருக்குமாம். அது வெளியேறத்தான் 'பிரீதர்' குழாய். குக்கரில் ஆவி போகும் துவாரத்தைப் பருப்பு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும், உங்களுக்குத் தெரியாதா? வழி அடைபட்டால் காற்று, ஸீல் இடுக்குகளில் ஆயிலைப் பிதுக்கித் தள்ளுகிறது.

பெரியவர் புதுக் குழாய் போட்டார். மடிப்பு இல்லை, நீர் தேங்கும் தொய்வு இல்லை, ஸைலன்ஸர் சூடு படாது. முனை டயர் பக்கம் திரும்பாமல் கட்டினார்.

புடவைக் கறைதான் போகவில்லை. இப்போதெல்லாம் குனிந்து அந்தக் குழாயைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறேன். இவருக்குச் சிரிப்பு!