கேளாமல் தந்த தீர்ப்பு

நம்முடைய புத்தகப் பெட்டியில் ஒரு சி.டி. ஆறு ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்தது. அதைச் சுற்றியிருந்த கண்ணாடித்தாள்கூடக் கிழிக்கப்படவில்லை. அதை நமக்கு அன்பளிப்பாகத் தந்தவர் நம் பாடற்குழுவில் கீபோர்டு வாசித்த ஓர் இளைஞர். அதைக் கேட்காமலே அதன்மேல் தீர்ப்புக் கூறியவர் நாம். அந்தக் கதையைத்தான் இம்மாதம் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். மறைத்து வைப்பதைவிடச் சொல்லிவிடுவது மனத்துக்கு நலம் என்று தோன்றுகிறது.

2014ஆம் ஆண்டு. பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதியில் நாம் பங்குப்பணி ஆற்றிவந்த காலம். ஒரு பக்கம் சேர்வராயன் மலைத்தொடர், மறுபக்கம் வாணியாற்றுப் பாசன நிலங்கள். கரும்பும் மரவள்ளியும் மஞ்சளும் விளையும் ஊர்கள். மழை பொய்த்தால் இளைஞர்கள் திருப்பூருக்கோ ஓசூருக்கோ பெங்களூருக்கோ பேருந்து ஏறிவிடுவார்கள். ஊரில் தங்கியவர்களும் விடுப்பில் வந்தவர்களும் மாலை வேளையில் பங்கு இல்லத்தின் முன்னிருந்த புளியமரத்தடியில் கூடுவது வழக்கம்.

அவ்வாண்டு மார்ச் 9, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. அன்றுதான் சென்னையில் ‘கோச்சடையான்’ படத்தின் பாடல்கள் வெளியிடப்பட்டன. இசை ஏ.ஆர்.ரகுமான், இயக்கம் சௌந்தர்யா ரஜினிகாந்த். பாண்டிய மன்னன் கோச்சடையான் ரணதீரனின் பெயரைச் சூடிக்கொண்ட கற்பனைக் கதை அது. நடிகர்களின் உடலில் சிறு சிறு குறிகளைப் பொருத்தி, அவர்களின் அசைவுகளைக் கருவிகளால் பதிவு செய்து, அவ்வசைவுகளின்மேல் கணிப்பொறியால் உருவங்களை வரைந்து எடுத்த படம். ‘அவதார்’ முதலிய அயல்நாட்டுப் படங்கள் கையாண்ட முறை. சுருங்கச் சொன்னால், திரையில் தெரிவது ரஜினிகாந்தின் சாயலே அன்றி அவருடைய சதையும் இரத்தமும் அல்ல.

நம் பகுதி இளைஞர்களுக்கு அதில் தனிப் பெருமை வேறு. ரஜினிகாந்தின் முன்னோர் வாழ்ந்த ஊராகப் பேசப்படும் நாச்சிக்குப்பம் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்தாலும், 2004 வரை தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது அன்றோ! 2011இல் அவர் நோயுற்றுச் சிங்கப்பூரில் சிகிச்சை பெற்றபோது இதே புளியமரத்தடியில் கவலையோடு வானொலிச் செய்தி கேட்டவர்கள் இவர்கள். ஆகவே பாடல்கள் வெளிவந்த மறுநாளே அவை கைப்பேசியின் மெமரி கார்டில் ஏறி, மரத்தடிக்கு வந்து சேர்ந்துவிட்டன.

சன்னலருகே அமர்ந்து திருப்புகழ்மாலை செபித்துக்கொண்டிருந்த நம் செவியில் அவர்களுடைய வாதங்கள் விழுந்துகொண்டே இருந்தன. பேருந்து நிலையத்தருகே கைப்பேசிக் கடை வைத்திருந்தவர், “முதல் தடவை கேட்டேன், ஒண்ணும் ஒட்டலை” என்றார். கல்லூரி மாணவர் ஒருவர், “ரகுமான் பாட்டு கேக்கக் கேக்கத்தான் பிடிக்கும், ஒரு வாரம் பொறு” என்றார். இளையராஜாவின் தீவிர பக்தரான தையற்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. “அனிமேஷன் படம் என்ன பெரிய புதுசு? 2007லேயே ‘இனிமே நாங்கதான்’ படத்துக்கு எங்க ராஜா இசை போட்டாச்சு” என்று அவர் எடுத்துக்காட்டியதும் மரத்தடி ஒரு கணம் அமைதியானது. ரஜினிகாந்த் தம் சொந்தக் குரலில் பாடலொன்றில் பங்குகொண்டது பற்றி இன்னொரு வாதம். 1992இல் ‘மன்னன்’ படத்துக்காக இளையராஜா இசையில் பாடியவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து இப்போது ரகுமானின் இசையில் குரல் கொடுத்திருந்தார். இரு கட்சியாரும் அதைத் தத்தம் பக்கத்துச் சான்றாக இழுத்துக்கொண்டனர்.

ஒன்றைக் கவனித்தோம். திங்களன்று “ஒட்டலை” என்றவர் வெள்ளியன்று அதே மெட்டை முணுமுணுத்தபடி மிதிவண்டியில் போனார். தம் தீர்ப்பைத் தாமே மாற்றிக்கொள்ள அவருக்குக் கூச்சமில்லை. ஒரு பாட்டைப் பத்து முறை கேட்டு, பத்தாம் முறையில் மனம் மாறுவது அந்த இளைஞர்களுக்கு இயல்பாக இருந்தது. வீண்பொழுது என்று அன்று நாம் எண்ணினோம்.

நம் கீபோர்டுத் தம்பி வாதத்தில் அதிகம் கலந்துகொள்ளமாட்டார். கேட்டுக்கொண்டேயிருப்பார். ஒரு நாள் தாமாகவே நம்மிடம் வந்து விளக்கினார்: “சாதாரணப் படத்துல நடிகர் மூச்சு விடுற சத்தம், காத்து, காலடி எல்லாம் படப்பிடிப்பு எடத்துலயே இருக்கும், சாமி. வரைஞ்ச படத்துல ஒண்ணுமே இருக்காது. ஒவ்வொரு சத்தத்தையும் தனியாச் செஞ்சு சேக்கணும். மொகத்துல காட்ட முடியாததையும் இசைதான் காட்டணும். பொம்மைக்கு உயிர் குடுக்கறதே அதுதான்.” நாம் தலையசைத்தோம், செவி கொடுக்கவில்லை.

ஏப்ரல் 20 உயிர்ப்புப் பெருவிழா. அது முடிந்ததும் அவருடைய திருமண ஓலைகள் வாசிக்கப்பட்டன. மே மாதக் கடைசியில் திருமணம் என்று முடிவாயிற்று. ஒரு மாலை அந்தச் சி.டி.யை எடுத்துக்கொண்டு வந்தார். இலவசமாகக் கைப்பேசியில் கிடைப்பதைக் கூலிப் பணத்தில் நமக்கென்று தனியே வாங்கி வந்திருந்தார். அந்தப் படத்தில் மணமகள் கூறும் வாக்குறுதியாக ஒரு பாடல். மணமகன் கூறும் வாக்குறுதியாக மற்றொரு பாடல். முன்னதை லதா ரஜினிகாந்தும் பின்னதை ஹரிசரணும் பாடியிருந்தார்கள். “கோவில்ல வேண்டாம், சாமி, அது கூடாதுன்னு எனக்குத் தெரியும். மண்டபத்துல சாப்பாடு நடக்கும்போது, வார்த்தை இல்லாம, மெட்டை மட்டும் வாசிக்கட்டுமா? அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்லுங்க” என்றார்.

பங்கு மன்றத்தார் நால்வர் அங்கே அமர்ந்திருந்தனர். நமக்குள் எழுந்த குறும்பு அடங்கவில்லை. “பொம்மைப் படத்துப் பாட்டை வச்சா கல்யாணம் பண்ணப் போறே, தம்பி?” என்றோம். நால்வரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு கண்களை எட்டவில்லை. “சரிங்க சாமி” என்று சொல்லி, தகட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். திரும்பவும் அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

மே 9 அன்று வரவேண்டிய படம் தள்ளிப்போய் மே 23 அன்று வெளிவந்தது. இளைஞர்கள் தருமபுரி சென்று பார்த்துவிட்டு நள்ளிரவில் திரும்பினார்கள். அவர்களிடையே மகிழ்ச்சியும் ஏமாற்றமும் சமமாகக் கலந்திருந்தன. “கண்ணுல உயிரில்லை” என்று சிலர் குறைப்பட்டனர். 2009இல் மறைந்த நாகேஷ் அவர்களைக் கணிப்பொறியால் மீண்டும் திரையில் நடமாட வைத்திருந்ததைக் கண்டு கைதட்டியதாகச் சிலர் கூறினர். பாட்டு நன்று, பின்னணி இசை நன்று என்பதில் மட்டும் தையற்காரர் உட்பட அனைவரும் ஒன்றுபட்டனர். அடுத்த வாரம் தம்பியின் திருமணம் இனிதே நிறைவேறியது. மண்டபத்தில் வாடகை ஒலிபெருக்கி ஏதோ இரைந்தது. கீபோர்டு உறையிட்டபடியே மூலையில் சாய்ந்திருந்தது. சில மாதங்களில் தம்பி குடும்பத்தோடு ஓசூருக்கு வேலைக்குச் சென்றுவிட்டார். நமக்கும் பணிமாற்றம் வந்தது.

2020 செப்டம்பர் 25. கொரோனா காலத்துத் தனிமையில், எஸ்.பி.பாலசுப்பிரமணியம் மறைந்த செய்தி வந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழகத்தின் ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் திருமண வீட்டிலும் ஒலித்த குரல். அன்றிரவு அவர் பாடிய பக்திப் பாடல்கள் இருக்குமோ எனப் பெட்டியைத் துழாவியபோது கைக்கு அகப்பட்டது அந்தத் தகடு. அட்டையில் அவருடைய பெயரும் இருந்தது. கண்ணாடித்தாளை நகத்தால் கிழிக்கும்போது ஏதோ பிறருடைய கடிதத்தைப் பிரிப்பதுபோல் கை கூசியது. மறைக்கல்வி வகுப்புக்கென வாங்கிய பழைய பெட்டியில் அதைச் சுழலவிட்டோம்.

அறுபத்தைந்தைக் கடந்த வயதில் அவர் பாடியவை அப்பாடல்கள். வரைந்த உருவம் ஒன்றுக்காகப் பாடுகிறோம் என்ற அலட்சியம் அக்குரலில் துளியும் இல்லை. மணமகளின் பாடலும் மணமகனின் பாடலும் வந்தன. ஆடம்பரம் அற்ற மெட்டுகள். ஒருவர் மற்றவருக்கு வாழ்நாள் முழுவதும் செய்யப்போவதைச் சொல்லி உறுதியளிக்கும் பாடல்கள். எத்தனையோ மணமக்களை நிற்கவைத்து அவ்வுறுதியைச் சொல்லச் செய்தவர்கள் நாம். அந்த இளைஞர் அதே பொருளைத் தம் விரல்களால் தம் மனைவிக்குச் சொல்ல விரும்பினார். நாம் நால்வர் முன்னிலையில் அவரை நகையாடினோம்.

குருமடத்தில் புனித அகுஸ்தீனின் தன்வரலாற்றைப் பயின்றபோது ஒரு பகுதி நம் மனத்தில் ஆழப் பதிந்தது. பாடப்படும் பொருளைவிடப் பாடும் ஓசை தம்மை அதிகம் ஈர்க்கும்போது தாம் தவறு செய்வதாக அவர் வருந்துவார். அதையே கேடயமாக ஏந்தி எத்தனையோ பாடல்களுக்கு நாம் கதவடைத்திருக்கிறோம். ஆனால் அதே அகுஸ்தீன், மிலான் நகரத் திருச்சபையில் பாடல்களைக் கேட்டுக் கண்ணீர் வடித்ததையும், அக்கண்ணீர் தமக்கு நன்மையாயிற்று என்பதையும் அந்நூலிலேயே எழுதியிருக்கிறார். அவர் கேட்டார், அழுதார், பின்பு ஆராய்ந்தார். நாமோ முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதற்குத் தாவினோம். புளியமரத்தடி இளைஞர்கள் அகுஸ்தீனைப் படித்ததில்லை. ஆயினும் அந்த ஒழுங்கு அவர்களிடம் இருந்தது.

மறுநாள் எண்ணைத் தேடிப் பிடித்துத் தம்பியை அழைத்தோம். அப்போது அவர் ஐந்து வயது மகளுக்குத் தந்தை. பாலசுப்பிரமணியத்தின் மறைவைப் பேசினோம்; பின்பு தகட்டைப் பற்றிச் சொல்லி, “அன்னைக்கு நாம அப்படிப் பேசியிருக்கக் கூடாது; மன்னிச்சுக்க, தம்பி” என்றோம். சற்று மௌனம். பிறகு சொன்னார்: “கல்யாணத்தன்னைக்கு ராத்திரி வீட்டுல அவளுக்கு மட்டும் வாசிச்சேன், சாமி. அது போதும்னு அவளே சொல்லிட்டா.” நம் மனச்சுமை சற்றுக் குறைந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. “சாமி அந்தப் பாட்டைக் கேட்டாரான்னு அவ அப்பப்பக் கேப்பா. ‘கண்டிப்பாக் கேட்டிருப்பாரு’ன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

ஆறு ஆண்டுகளாக நம் மானத்தைத் தம் மனைவியிடம் காத்துவந்தவர், நாம் ஊரார்முன் தலைகுனியச் செய்த அதே பிள்ளை! அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

அண்மைக் காலத்தில் இசையுலகில் இன்னொரு புதுமை வந்திருக்கிறது. 2024இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்தில், மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் மீண்டும் ஒலிக்கச் செய்தார் ஏ.ஆர்.ரகுமான். குடும்பத்தாரின் இசைவைப் பெற்று, உரிய ஊதியமும் அளித்ததாக அவர் தெரிவித்தார். இச்செய்தியைப் படித்ததும் “இதுவும் ஒரு பாட்டா?” என்று சொல்ல நம் நாக்கு துடித்தது. நல்ல வேளை, பழைய தகடு நினைவுக்கு வந்தது. முதலில் கேட்டோம். கேட்டபின் சில ஐயங்கள் எழுந்தன. அவை இன்றும் தீரவில்லை. ஆயினும் அவை கேட்டவனின் ஐயங்கள். அந்த மட்டில் நமக்கு நிம்மதி.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஏதோ ஒரு புதுப் படத்தின் இசையில் மூழ்கியிருக்கலாம். வரைந்த பொம்மைகள் ஓடியாடும் படமாகவும் அது இருக்கலாம். “என்ன இரைச்சல் இது!” என்று சொல்லுமுன் அக்கருவியின் ஒரு பக்கத்தை வாங்கி உங்கள் காதில் வையுங்கள். பிடித்தே ஆகவேண்டும் என்பதில்லை. பிடிக்காவிடில் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அப்பாட்டின் வழியே அப்பிள்ளை உங்களிடம் சொல்லத் தயங்கும் ஏதோ ஒன்று இருக்கக்கூடும்.

அந்தத் தகடு இப்போது பெட்டியில் இல்லை, மேசைமேல் இருக்கிறது. அடுத்த முறை தம்பி குடும்பத்தோடு வரும்போது கீபோர்டையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறோம்.