அசெம்பிளிக் கூலி எவ்வளவு?

குரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேமும் எஸ்.எஸ்.டி.யும் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் கேட்கிற மெமரிக்கே உற்பத்தி போதவில்லையாம். ரேம் விலை அதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருந்தது. இந்த நேரம் பார்த்துத்தான், கல்யாண வீடியோ எடுக்கிற என் அக்கா மகன் வந்து நின்றான். "மாமா, 60,000 ரூபாய்க்குள்ள எடிட்டிங் சிஸ்டம் ஒண்ணு போடணும். ராத்திரி கேமும் ஆடணும்."

மல்லாங்கிணற்றில் கம்ப்யூட்டர் போட்டுத் தருகிற ஒருவர் இருக்கிறார், அவரிடம் போங்கள் என்றார் சிவகாசி அச்சக நண்பர்.

விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகிற வழியில் இருக்கும் கரிசல் காட்டுப் பேரூராட்சி அது. கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனின் ஊர் என்றால் பலருக்குத் தெரியும். நண்பர் சொன்னவரின் கடைக்குப் பெயர்ப் பலகை இல்லை. வீட்டு முன்னறையில் ஒரு மேசை, அதன்மேல் ரப்பர் விரிப்பு, மல்டிமீட்டர், தூசி ஊதும் புளோயர். சிவகாசியில் காலண்டர் டிசைன் போட்டவர். ஆடிப் பதினெட்டுக்கு மாதிரி ஆல்பம் வெளிவந்துவிட்டால் அங்கே வேலை நெருக்கித் தள்ளும். அந்த நேரத்தில் கோரல் டிரா தொங்கினால் சர்வீஸ் ஆளுக்காகக் காத்திருக்க முடியாது. தானே மூடியைக் கழற்றிப் பார்க்க ஆரம்பித்ததுதான் தொழிலானது. பிறகு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில வருஷம் கடைப் பையன். கொரோனாவில் ஊர் திரும்பியவர் இங்கேயே தங்கிவிட்டார்.

பட்ஜெட் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. "என்ன கேமரா தம்பி?" என்றார்.

"சோனி ஏ7 ஃபோர் அண்ணே."

"எச்.265-ல 10 பிட், 4:2:2 வச்சு எடுப்பீங்களா?"

"ஆமாண்ணே. கலர் நல்லா வருது."

"அப்ப எஃப் போட்ட பிராசசர் வேண்டாம்."

கோர் ஐ5 12400, 12400எஃப் இரண்டும் 2022-இல் வந்தவை. இரண்டிலும் ஆறு கோர்தான். எஃப் உள்ளதில் கிராபிக்ஸ் பகுதி வேலை செய்யாது, அதனால் விலை கொஞ்சம் குறைவு. கிராபிக்ஸ் கார்டுதான் தனியாகப் போடுகிறோமே, எதற்கு வீண் செலவு என்று எல்லோரும் எஃப்-ஐ வாங்குகிறார்கள். கேம் மட்டும் ஆடுகிறவருக்கு அது சரி. ஆனால் 4:2:2 எச்.265 வீடியோவை நேரடியாகப் பிரித்துக் காட்டும் வசதியை என்விடியா 2025-இல் வந்த 50 வரிசையில்தான் சேர்த்தது. இன்டெல்லின் உள் கிராபிக்ஸில் அது 11-ஆம் தலைமுறையிலிருந்தே இருக்கிறது. எஃப் வாங்கினால் தாலி கட்டுகிற காட்சி டைம்லைனில் திக்கித் திக்கி ஓடும். கார்டு போட்டதும் பல போர்டுகளில் உள் கிராபிக்ஸ் தானாக அணைந்துவிடும், பயாஸில் போய் அதைத் திரும்ப இயக்க வேண்டும் என்றும் சொன்னார்.

பிறகு என் இரு கைகளிலும் கைக்கொரு பவர் சப்ளையை வைத்தார். "தூக்கிப் பாருங்க அண்ணாச்சி." ஒன்று கேபினெட்டோடு இலவசமாக வந்தது. 500 வாட் என்று பெரிதாக ஸ்டிக்கர், உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி லேசாக இருந்தது. இன்னொன்றில் 450 வாட்தான், ஆனால் கனத்தது. ஸ்டிக்கரின் பொடி எழுத்தைக் காட்டினார். பிராசசருக்கும் கார்டுக்கும் மின்சாரம் போவது 12 வோல்ட் லைனில். லேசானதில் அந்த லைனுக்கு 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். மிச்சம் 284 வாட் இந்த இரண்டுக்கும் உதவாது! வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் இது போகும்போது மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

கார்டு ஆர்.டி.எக்ஸ். 3050, 6 ஜி.பி. தனி பவர் கேபிள் கேட்காது, 70 வாட்டில் அடங்கிவிடும். ஜி.டி.ஏ. 5, வாலரண்டுக்குத் தாராளம். ரேமில்தான் இழுபறி. விருதுநகர் வத்தல் மார்க்கெட் மாதிரி காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. "நாலு ஸ்லாட் போர்டாப் போட்டுருவோம். இப்ப எட்டு எட்டா ரெண்டு. விலை இறங்கினா இன்னும் ரெண்டு மாட்டிக்கிடலாம்" என்று முடித்தார். கலர் கலராக எரியும் ஃபேன் கேட்ட மருமகனுக்கு ஒரு முறைப்புதான் பதில்.

பிராசசர் மூலையின் தங்க முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல் வைத்து, கம்பியை இறக்கினார். நறநறவென்று ஒரு சத்தம். எனக்கு உயிர் போய் வந்தது. கீழே 1,700 ஊசிகள். ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு. அவர் முகத்தில் சலனமே இல்லை.

வேலையோடு வேலையாக 2021 கதையைச் சொன்னார். கிரிப்டோ மோகத்தில் கிராபிக்ஸ் கார்டுக்குத் தட்டுப்பாடு. கார்டு வேண்டுமென்றால் ஓடாத மதர்போர்டையும் சேர்த்து எடு என்று மொத்த வியாபாரி தலையில் கட்டுவாராம். சிறு கடைக்காரர் அந்த நஷ்டத்தை எங்கே இறக்குவார்? இணையத்தில் 'ஐ7 கேமிங் பி.சி.' என்று விற்கிறவர்கள் இன்னும் மோசம். பெட்டிக்குள் இருப்பது 2012, 2013-இல் வந்த பிராசசரும் 2014-இல் வந்த ஜி.டி. 730 கார்டும். விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்ட் பட்டியலில் அந்த பிராசசர் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் சேர்த்த காசை இப்படிப் பிடுங்குவதற்கு வியாபாரம் என்று பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

இவர் கேட்ட கூலி 1,000 ரூபாய். அதற்கும், "ரிச்சி ஸ்ட்ரீட்ல ஃப்ரீயாப் போட்டுத் தருவாங்களேண்ணே" என்றான் மருமகன். "அங்க பார்ட்ஸ் விலையிலயே கூலி இருக்கும் தம்பி. எந்த பார்ட்ல இருக்குன்னுதான் தெரியாது" என்றார்.

கம்ப்யூட்டர் போடச் சொல்கிறவர்கள் பார்ட்ஸுக்குச் சீரியல் நம்பரோடு பில் வாங்குங்கள். அசெம்பிளிக் கூலியைத் தனியாகக் கேட்டு, பேரம் பேசாமல் கொடுங்கள்.