பெயர் தொங்கும் கொக்கிகள்

ஒஸ்லோவில் நான் வேலை செய்யும் பாலர் காப்பகத்தின் வாசலில், என் இடுப்புயரத்துக்கு வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிள்ளையின் பெயர். அங்கே தொங்கும் பனிக்கால உடுப்புகளில் ஒன்று யில்வாவுடையது. யில்வா என்றால் பெண் ஓநாய். அந்த ஓநாய்க்குக் கையுறை போடத் தெரியாது. தினமும் என் முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டும்.

பழைய நோர்வேப் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்தவை. 'ஃப்ரித்' என்பது அழகு. முன்னால் வெற்றியைச் சேர்த்தால் சிக்ரிட். இங் என்ற பழந்தெய்வத்தைச் சேர்த்தால் இங்ரிட். 2004இல் பிறந்த இளவரசிக்கும் அதுதான் பெயர். இரண்டும் சேர்ந்து பொருள் தரவேண்டும் என்று யாரும் மெனக்கெடவில்லை போலும். 'குன்' என்றாலும் போர், 'ஹில்ட்' என்றாலும் போர். ஆக, குன்ஹில்ட் என்பவள் போர்ப்போர். எங்களோடு வேலை செய்த குன்ஹில்ட், ஒரு பிள்ளை தும்மினாலே ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்பாள். போருக்குத் தப்பி வந்த எனக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் சிநேகிதி அவள்தான்.

சின்னோவே என்றொரு பெயர். முதல்முறை காதில் விழுந்தபோது, யாரோ 'சின்னவ' என்று கூப்பிடுவதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். சூரியன் தந்த கொடை என்று பொருள். வடக்கே ட்ரொம்ஸோவில் நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் தலைகாட்டும். அப்படிப்பட்ட நாட்டில் அதைக் கொடை என்னாமல் வேறென்ன சொல்வார்கள்?

லிவ் என்றால் இன்றைய பேச்சில் உயிர், வாழ்வு. ஆனால் அதன் மூலச்சொல் ஹ்லீஃப். அதற்குக் காப்பு என்று பொருள். முன்னெழுத்து உதிர்ந்ததும் ஒலியொத்த வேறொரு சொல்லின் பொருள் வந்து அதில் குடியேறிவிட்டது. க்ரூ அப்படியல்ல, இன்றும் வயலில் புழங்கும் சொல்: முளைப்பது. புண் ஆறுவதற்கும் அதே வினைதான். 1981இல் முதல் பெண் பிரதமரானவர் க்ரூ ஹார்லெம் ப்ருண்ட்லாண்ட். 1986இல் அவர் அமைத்த அமைச்சரவையில் 18 பேரில் 8 பேர் பெண்கள். பெயர் வைத்தவர்களுக்கு நல்ல கைராசி.

என்னை அதிகம் அலைக்கழித்தது சுல்வாய். எழுத்தில் கடைசியாக ஒரு 'க்' உண்டு, வாயில் வராது. இப்சனின் 'பேர் யூந்த்' நாடகத்தில் (1867) காதலனுக்காக மூப்படையும்வரை காத்திருப்பவளும் ஒரு சுல்வாய்தான். பின்பாதி வலிமை என்கிறார்கள். முன்பாதி சூரியனா, வீடா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை.

எங்கள் காப்பகத்துச் சுல்வாயின் தாயிடமே ஒருநாள் கேட்டேன். மகளுக்குச் சப்பாத்தை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"பொருளா? மூர்மூர்."

மூர் என்றால் அம்மா. மூர்மூர், அம்மாவின் அம்மா. அச்சொட்டாக எங்கள் அம்மம்மா. முன்பெல்லாம் மூத்த மகளுக்கு அப்பம்மாவின் பெயர், அடுத்தவளுக்கு அம்மம்மாவின் பெயர் என்பது இங்கே வழக்கமாம். பேத்தி என்ற எங்கள் சொல்லே 'பெயர்த்தி'யிலிருந்து வந்தது என்று அவளுக்குச் சொல்ல வாயெடுத்தேன். அந்த அவசரத்தில் நோர்வே மொழி கைகொடுக்கவில்லை. சுல்வாய் அதற்குள் பனியில் இறங்கிவிட்டாள்.