பெட்டிச் சாவி

நேற்று தம்பியை மதுரையில் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டு வந்தோம். நான் உள்ளூரிலேயே பி.காம். படிப்பவன், தினமும் வீட்டுச் சாப்பாடு. அதனால் விடுதி எனக்கும் புதுசுதான் :)

தேனியில் பஸ் ஏறும்போது ஒரு டிரங்குப் பெட்டி, சுருட்டிய மெத்தை, வாளி, அம்மா கொடுத்த பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய். ஆரப்பாளையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனால் அறை மூன்றாவது மாடி! நாலு தடவை ஏறி இறங்கினேன்.

அப்பா பெட்டியைத் தொடவே இல்லை. வார்டன் அறை எங்கே, இரவில் யார் இருப்பார்கள் என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். காரணம் எனக்குத் தெரியும். 1996-ல் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டபோது அப்பாவும் கல்லூரி மாணவர்.

"ராகிங் தடைச் சட்டம் 1997-லேயே நம்ம தமிழ்நாட்டுல வந்தாச்சுப்பா" என்றேன்.

"சட்டம் வந்துச்சு. அதுக்கு ஒரு பையன் சாக வேண்டியிருந்துச்சுல்ல?" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

கிளம்பும்போது தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுன்னாலும் மொதல்ல எனக்கு போன் போடுடா. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றேன். தலையாட்டினான். கண் கலங்கியிருந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

திரும்பும்போது உசிலம்பட்டி வரை அப்பா வாயே திறக்கவில்லை. பிறகு திடீரென்று, "பெட்டிச் சாவி ரெண்டையும் அவன்கிட்டயே குடுத்துட்டியா?" என்றார்.

"இல்லப்பா, ஒண்ணு என்கிட்ட இருக்கு."

அதற்கப்புறம்தான் தூங்கினார்.