பின்னால் வரும் பாரம்

பாரம் இழுக்கும் வாகனத்திற்கு வலிமை வேண்டும் என்பதை யாவரும் அறிவர். இழுத்த பாரத்தை நிறுத்துவதற்கும் தனியே ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதோ எளிதில் மறக்கப்படுகின்றது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சட்டம் இதனை மறக்கவில்லை. மொத்த நிறை 1,360 கிலோகிராமோ அதற்கு மேலோ உள்ள ட்ரெயிலருக்குத் தனியான பிறேக் இருத்தல் வேண்டும் என்று அது விதிக்கின்றது. முன்னே செல்லும் வாகனம் நிற்க முயலும்போது பின்னே வரும் பாரம் தன் சடத்துவத்தால் அதனைத் தள்ளும். வழுக்கும் வீதியில் அத்தள்ளுகை வாகனத்தையே குறுக்காகத் திருப்பிவிடவுங் கூடும்.

என் மனைவியின் தம்பி புல்வெளி பராமரிக்கும் தொழிலைத் தொடங்கியபோது பழைய பிக்கப் ஒன்றையும் ஈரச்சு ட்ரெயிலர் ஒன்றையும் வாங்கினான். மறுநாட் காலை இரு தொழிலாளரையும் ஏற்றிக்கொண்டு, புல்வெட்டும் இயந்திரங்களுடன் 401ஆம் இலக்க நெடுஞ்சாலையில் அவன் செல்லவேண்டியிருந்தது. ட்ரெயிலரின் பிறேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தும் வேலை எங்கள் இருவருக்கும் வாய்த்தது.

அதன் இயக்கம் எளிமையானது. ட்ரெயிலரின் ஒவ்வொரு சில்லினுள்ளும் ஒரு மின்காந்தம் உண்டு. மின்னோட்டம் பாய்ந்ததும் அது சுழலும் உருளையைப் பற்றி, அதனுடன் இழுபட்டு ஒரு நெம்பை அசைக்கும். நெம்பு பிறேக் கட்டைகளை விரிக்கும். எவ்வளவு மின்னோட்டம் செல்லவேண்டும் என்பதைச் சாரதியின் முன்னாலுள்ள கருவி தீர்மானிக்கின்றது. நாம் வாங்கிய வகை, வாகனத்தின் அமர்முடுகலை உணர்ந்து அதற்கு ஏற்ற அளவு மின்னை அனுப்புவது. பள்ளியிலே பௌதிகவியலில் தமிழிற் கற்ற அச்சொல் அன்று கைகொடுத்தது. ஆங்கிலக் கையேட்டில் அவனுக்கு விளங்காதிருந்த பக்கம் அந்த ஒரு சொல்லால் விளங்கிற்று.

பற்றரியின் மறைமுனையைக் கழற்றி வைத்துவிட்டு நான்கு கம்பிகளை இணைத்தோம். கறுப்பு, 20 அம்பியர்ச் சுற்றுடைப்பான் ஒன்றினூடாகப் பற்றரியின் நேர்முனைக்கு. வெள்ளை, மறைமுனைக்கு. சிவப்பு, மிதியை அழுத்தும்போது மாத்திரம் மின் பெறும் நிறுத்தவிளக்கு ஆளியின் முனைக்கு. நீலம், வாகனத்தின் அடியாகப் பின்சென்று ஏழுமுனை இணைப்பிக்கு. நண்பகலுக்குள் வேலை முடிந்தது. பற்றரியை மீள இணைத்து, கருவியின் கைந்நெம்பைத் தள்ளியபோது இணைப்பியில் வைத்த சோதனை விளக்கு ஒளிர்ந்தது. ட்ரெயிலரின் மின்காந்தத்தருகே வைத்துப் பார்த்தபோதும் ஒளிர்ந்தது.

“விளக்கு எரியுதுதானே அத்தான், இனிக் காணும்” என்றான் அவன்.

எனக்குக் காணவில்லை. நான்கு மின்காந்தங்களையும் தொடுத்து, கைந்நெம்பை முற்றாகத் தள்ளச் சொல்லி, அவற்றின் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்தேன். 12 வோல்ற்று வரவேண்டிய இடத்தில் ஏறத்தாழ 8 வோல்ற்றே காட்டிற்று. கணக்குத் தெளிவானது. மின்காந்தம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 ஓம். நான்கும் சமாந்தரமாகச் சேர 1 ஓம். அவற்றுடன் தொடராக எங்கோ அரை ஓம் தடை ஒளிந்திருந்தால், 12 அம்பியர் பாயவேண்டிய சுற்றில் 8 அம்பியரே பாயும். மூன்றிலொரு பங்கு மின்னழுத்தம் அத்தடையிலேயே தொலையும். சோதனை விளக்கோ கால் அம்பியரளவே கொள்வது. அதே தடையில் அது இழப்பது எட்டிலொரு வோல்ற்று. ஆகவே ஒளியிற் குறை தெரியாது.

வெள்ளைக் கம்பியைத் தொடர்ந்து சென்றோம். பழைய உரிமையாளர் எவரோ அதனை ட்ரெயிலரின் இரும்புச் சட்டத்தில் ஓர் ஆணியால் முறுக்கி, சட்டத்தையே மின் திரும்பும் வழியாக ஆக்கியிருந்தார். பனிக்காலத்தில் வீதியிற் கொட்டும் உப்பு அவ்விடத்தைத் துருவாக்கியிருந்தது. துருவைச் சுரண்டியதோடு நில்லாது, மின்காந்தங்களிலிருந்து இணைப்பி வரை தடித்த வெள்ளைக் கம்பி ஒன்றைப் புதிதாக இழுத்தோம். மீண்டும் அளந்தபோது இழப்பு ஒரு வோல்ற்றுக்குங் குறைந்திருந்தது.

மாலையில் வெறுமையான வீதியொன்றில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி, கைந்நெம்பைத் தள்ளிப் பார்த்தோம். ட்ரெயிலரின் சில்லுகள் இறுகி வழுக்கத் தொடங்கும் வரை அளவைப் படிப்படியாகக் கூட்டி, பின்னர் சற்றே குறைத்து அமைத்தோம். ட்ரெயிலர் தளைகழன்று பிரிய நேர்ந்தால் ஒரு முளை இழுபட்டு, அதிலுள்ள சிறு பற்றரியே பிறேக்கை இயக்கும் ஏற்பாட்டையும் சோதித்தோம். அதன்பின்னரே சாவியை அவனிடம் கொடுத்தேன்.

சிறு விளக்கை ஏற்றவல்ல இணைப்பு பெரும் பாரத்தை நிறுத்தவும் வல்லது என்று நம்புதல் தகாது. ஓர் இணைப்பின் உறுதியை அறிய, அது சுமக்கவேண்டிய முழு மின்னோட்டத்தையும் அதன்மேற் செலுத்திப் பார்த்தல் வேண்டும். நெடுஞ்சாலையில் அந்தச் சோதனை தானாக நிகழும். அங்கே பிழை கண்டால் திருத்துவதற்கு அவகாசம் இராது.